தண்ணீர் வரிசை

ஏப்ரல் 4, வெள்ளி

பரீட்சை முடிந்தது. கடைசி மணி அடிப்பதற்கு முன் மொழி ஆசிரியை கரும்பலகையில் எழுதிப் போட்டார்: 'உயிரோடு இருக்கும் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. பத்துப் பக்கம். பள்ளி திறக்கும் நாளில் தர வேண்டும்.' வகுப்பே முனகியது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். முகத்தில் காட்டவில்லை. காட்டினால் கடைசி பெஞ்சுக்காரர்கள் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள்.

யாரைப் பற்றி எழுதுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக் கதவைத் திறந்தால் அம்மா கூடத்தில் நின்று, வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்கு வைக்கும் தெர்மாமீட்டர், மூடி போட்ட இரண்டு சின்ன பாட்டில்கள், ஒரு கற்றாழை மடல், பாதி தின்ற பிஸ்கட். மடலிலிருந்து வழிந்த பசை பிஸ்கட்டில் ஒட்டியிருந்தது. அம்மா அதை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு வாயில் போட்டுக்கொண்டாள்.

வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை.

"என்னைப் பத்தியா? எழுத ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்றாள். "செத்தவங்களைப் பத்தி எழுது. எதிர்த்துப் பேச மாட்டாங்க."

"உயிரோட இருக்கறவங்கதான் வேணுமாம், அம்மா."

"அப்ப சீக்கிரம் எழுதிடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டால் ஒன்றும் பெயராது. அப்பாவைப் பிடித்தேன். அப்பா தபால் நிலையத்தில் வேலை செய்கிறவர். கடிதத்தைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லத் தெரிந்தவர் என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார்.

அவர் சொன்னதிலிருந்து குறிப்புகள்: அம்மா கால்நடை மருத்துவம் படிக்கப் போனபோது வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். முதல் முறை மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போய், தோள் வரை கையை விட்டு, கன்று வெளியே வந்ததும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாளாம். பிறகு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பதினெட்டு வருஷம். பால் மாட்டுக்கு மடிநோய் வந்தால் போடும் ஆன்டிபயாடிக் ஊசியை எந்த அளவில், எத்தனை நாள் போட வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொன்னவள் அம்மாதான். அதற்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். பதக்கம் இப்போது பொத்தான் போட்டுவைக்கும் டப்பாவில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், இருக்கிறது. ரிப்பனை எலி கடித்திருக்கிறது.

"இன்னைக்கும் எல்லா மாட்டு டாக்டரும் உங்கம்மா சொன்ன கணக்குலதான் ஊசி போடறாங்க" என்றார் அப்பா. "இப்ப அவளே அந்த ஊசி போதாதுன்னு கிளம்பியிருக்கா. சொந்தப் புள்ளையைத் தானே பெயிலாக்கற வாத்தியார் மாதிரி."

எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. வரலாற்றில் சேர்த்துக்கொள்வேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்று அம்மாவோடு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். ஆய்வுக்கூடம் நான் நினைத்ததுபோல் பளபளவென்று இல்லை. ஜன்னலில் ஒரு கம்பி இல்லை. குளிர்ப்பெட்டியின் கதவு சரியாக மூடாது என்பதால் ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

அம்மா ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினாள். வட்டக் கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்ப்பார்களாம். நடுவில் மருந்து தோய்த்த ஒரு சின்ன வில்லையை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத தெளிவான வளையம் விழும். வளையம் பெரிதாக இருந்தால் மருந்துக்கு வலு அதிகம். அம்மா ஒவ்வொரு வருஷமும் அந்த வளையத்தை அளந்திருக்கிறாள். முதல் வருஷம் இருபத்தொரு மில்லிமீட்டர். பிறகு இருபது, பதினெட்டு, பதினைந்து. போன வருஷம் பத்து.

"ஏம்மா சின்னதாகிட்டே போகுது?"

"கிருமி பழகிடுச்சு. தேவை இருக்கோ இல்லையோ, எல்லாரும் ஊசியைக் குத்திக் குத்திப் பழக்கிவிட்டுட்டோம். நானும்தான்."

அவள் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டை மூடும்போது, தூங்குகிற குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோலச் சத்தமில்லாமல் மூடினாள்.

அப்போது ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன மஞ்சள் டாக்டர், மகளையும் அரைக்கக் கூட்டிட்டு வந்தாச்சா?" என்றார். இவர் அம்மாவோடு கல்லூரியில் படித்தவர். ஊசிப் பிரிவுக்கு இப்போது தலைவர். வீட்டில் நாங்கள் ஊசி டாக்டர் என்றுதான் சொல்வோம். அம்மா இப்போது மஞ்சள் அரைத்து மாட்டு மருந்து செய்து பார்ப்பதால் அவர் வைத்த பெயர்தான் மஞ்சள் டாக்டர்.

"வாங்க ஊசி. உங்க வளையம் இன்னைக்கு எத்தனை மில்லி?" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். இருவருமே சிரித்தாலும் அது சண்டைதான் என்று எனக்குத் தோன்றியது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று பெரிய வேட்டை! நிலையத்துப் பண்ணையில் பால் கறக்கிற கறவை அக்காவைப் பேச வைத்தேன். அம்மா வயதுதான் இருக்கும். உள்ளங்கை இரண்டும் மரப்பலகை மாதிரி. கையைக் கழுவிக்கொண்டே கதை சொன்னாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு பண்ணையில் ஒரு மாட்டுக்கு மடிநோய். ஐந்து நாள் ஊசி போட்டும் கேட்கவில்லை. கறவை அக்கா யாருக்கும் சொல்லாமல் கற்றாழை, மஞ்சள்தூள், கொஞ்சம் சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து, தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிக் கறந்துவிட்டு அதன் மேல் பூசியிருக்கிறாள். அவர்கள் வீட்டு மாடுகளுக்கு எப்போதும் அதுதானாம். அம்மா பார்த்துவிட்டாள்.

"உங்கம்மா அன்னைக்குத் திட்டின திட்டுல மாடே மிரண்டுபோச்சு பாப்பா. கிண்ணத்தைப் பிடுங்கிச் சாக்கடையில கொட்டிட்டாங்க. 'இது ஆராய்ச்சி நிலையமா, உங்க வீட்டுக் கொல்லையா'ன்னு கேட்டாங்க. அத்தனை பேர் முன்னாடி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நாலு நாள்ல மாடு தேறிடுச்சு. அஞ்சாம் நாள் உங்கம்மா வந்து நின்னாங்க. அதே இடத்துல. அதே ஆளுங்க முன்னாடி. 'நான் கொட்டினது தப்பு. என்ன போட்டீங்க, எவ்வளவு போட்டீங்க, சொல்லுங்க, எழுதிக்கறேன்'னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. எவ்வளவுன்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும்? கை அளவுதானே. அப்புறம் தராசு கொண்டுவந்து என் கையை அளந்தாங்க!"

திட்டுவதும் தனியாக, மன்னிப்பு கேட்பதும் தனியாக என்றால் எல்லாரும் செய்வார்கள். எல்லார் முன்னாலும் திட்டிவிட்டு எல்லார் முன்னாலும் மன்னிப்பு கேட்க எத்தனை பேரால் முடியும்? இதை என்னுடைய முதல் பக்கத்தில் வைப்பேன்.

(பாப்பாவாம். நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறேன்.)

ஏப்ரல் 18, வெள்ளி

அம்மாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இயக்குநர் பண்ணை மாடுகள் இருபத்து நான்கைக் கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு சோதனை. பூச்சு வேலை செய்கிறது என்று தெரிந்தால் நாட்டு மருந்துக்கென்று நிலையத்தில் தனிப் பிரிவு. இல்லையென்றால் அம்மா தன் சின்ன அறையின் சாவியைக் கொடுத்துவிட்டு ஊசிப் பிரிவுக்கே திரும்ப வேண்டும், ஊசி டாக்டருக்குக் கீழே.

"பாரம்பரியம் பாரம்பரியம்னு சொன்னா மாடு கேக்குமா? நல்லதுன்னா பால்ல தெரியணும். தெரியலைன்னா விட்டுடணும்" என்றாள் அம்மா.

அப்பா, "விட்டுடுவியா?" என்று கேட்டார்.

அம்மா அறைச் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

இன்று தொடங்கியது. எனக்கும் வேலை கொடுத்திருக்கிறாள்: மாட்டின் காது வில்லையில் உள்ள எண்ணைப் பார்த்து, பால் பாட்டிலில் எழுதி ஒட்ட வேண்டும்.

இந்த மாடுகளைப் பார்த்தால் நோய் இருப்பதாகவே தெரியாது. வீக்கம் இல்லை, சூடு இல்லை. பாலில் மட்டும்தான் தெரியும். நான்கு குழி உள்ள தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு காம்பின் பால். அதில் ஊதா நிற மருந்தை விட்டுச் சுழற்ற வேண்டும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோய் உள்ள பால் சளி மாதிரி திரண்டு நிற்கும். நான் கண்ணை எடுக்கவில்லை.

வலது வரிசையில் பன்னிரண்டு மாடுகளுக்குக் கழுவி, கறந்து, பூச்சு. இடது வரிசையில் பன்னிரண்டுக்குக் கழுவி, கறந்து, வெறும் தண்ணீர். பால் பாட்டில்களைச் சோதிப்பது யார் தெரியுமா? ஊசி டாக்டர்! எந்த எண் எந்த வரிசை என்று அவருக்குச் சொல்லவில்லை. அம்மாவே போய் அவரைக் கேட்டாளாம்.

"ஏம்மா, அவர் உனக்கு எதிரியாச்சே?"

"அதனாலதான். நான் பார்த்தா என் கண்ணு எனக்குச் சாதகமாத்தான் பார்க்கும்."

ஏப்ரல் 23, புதன்

இடது வரிசையில் பதினேழாம் எண் மாடு ஒன்று இருக்கிறது. ஒரு காது கிழிந்தது. நான் எண்ணைப் பார்க்கக் குனிந்தால் என் ஜடையை நக்குகிறது.

அம்மா எப்போதும் பூச்சைக் கூடுதலாகத்தான் அரைக்கச் சொல்கிறாள், வலது வரிசைக்குப் போதாமல் போய்விடக்கூடாது என்று. இன்று வாளியில் கால் பாகம் மிஞ்சியது. அம்மா ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். கறவை அக்கா வாளியைச் சாக்கடைவரை தூக்கிப் போனவள், நின்றாள்.

"கொட்ட மனசு வரலை பாப்பா. ஏற்கெனவே ஒரு தடவை கொட்டினதைப் பார்த்தவ நான்." பிறகு இடது வரிசையைப் பார்த்தாள். "அந்தப் பதினேழு பாவம். மருந்து பத்தலைன்னுதானே அதுங்களுக்கு வெறும் தண்ணி? இதான் மிஞ்சியிருக்கே."

நான் தடுக்கவில்லை. சரியாகச் சொன்னால், பதினேழின் வாலைப் பிடித்துக்கொண்டேன், அக்கா பூசுவதற்கு வசதியாக.

கெடுதல் ஒன்றுமில்லையே. வீணாகப் போகிற மருந்துதானே.

ஏப்ரல் 24, வியாழன்

கறவை அக்கா இன்று இடது வரிசை முழுவதற்கும் பூசிவிட்டாள். "ஒண்ணுக்குப் பூசிட்டு மத்ததை விட்டா அது என்ன நியாயம்? அதுங்க என்னை எப்படிப் பார்க்கும்?" என்றாள். மிச்சத்தில் இன்னும் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொண்டாள். காலையில் கழுவிவிட்டுத்தான் பால் எடுப்பதால் மஞ்சள் தெரியாது.

நான் பன்னிரண்டு வாலையும் பிடித்தேன். கை வலிக்கிறது. மனம் லேசாக இருக்கிறது. இன்று ஒரு நல்ல காரியம் செய்தோம்.

ஏப்ரல் 28, திங்கள்

தினமும் மிச்சப் பூச்சு இடது வரிசைக்குத்தான். வரலாறு ஆறு பக்கம் ஆகிவிட்டது. பதினேழு இன்று என் பேனா மூடியைத் தின்னப் பார்த்தது.

மே 2, வெள்ளி

என்னால் எழுத முடியவில்லை. இருந்தும் எழுத வேண்டும்.

மாலையில் ஊசி டாக்டர் முடிவுத் தாளை வீட்டுக்கே கொண்டுவந்தார். அம்மா தன் பட்டியலை எடுத்தாள். இரண்டையும் சேர்த்து வைத்து எண்ணினார்கள். வலது வரிசையில் பன்னிரண்டில் எட்டு மாடுகளுக்குப் பால் சுத்தம். இடது வரிசையில் பன்னிரண்டில் ஏழு.

ஊசி டாக்டர் இன்று கிண்டல் செய்யவில்லை. "தண்ணியும் உங்க பூச்சும் ஒண்ணாத்தான் நிக்குது. நான் ரெண்டு தடவை பார்த்தேன்" என்று மெதுவாகச் சொன்னார். டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "எட்டு மாடு தேறியிருக்கே, அது நல்லதுதானே?"

"இடது வரிசையை எதுக்கு வெச்சேன்? மருந்தே இல்லாம, சும்மா கழுவிக் கறந்தாலே எத்தனை தேறும்னு பார்க்க. அதுலயே ஏழு தேறிடுச்சு. அப்ப என் பூச்சு செஞ்சது என்ன? ஒண்ணுமில்லை" என்றாள் அம்மா.

மருந்து பற்றாமல் தண்ணீர் ஊற்றவில்லை. அதற்காகத்தான் அந்த வரிசை. அதற்காகத்தான்!

நான் புத்தகம் படிக்கிறவளாம். எல்லாவற்றையும் கவனிக்கிறவளாம். ஏன் தண்ணீர் என்று ஒரு தடவை — ஒரே ஒரு தடவை கேட்டேனா? வாலைப் பிடித்தேன். பன்னிரண்டு வாலையும் நான்தானே பிடிச்சேன். ஐயோ.

மே 3, சனி

சொல்லவில்லை. அம்மா நாள் முழுக்க அறிக்கை எழுதினாள். புதன்கிழமை நிலையத்தின் ஆய்வுக் குழு கூடுகிறது.

மே 4, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை. சொன்னால் கறவை அக்காவின் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அம்மாவின் ஐந்து வருஷம் போய்விடும். எது பெரியது? இது கணக்கா?

அம்மா என் மேசைக்கு வந்தாள். வரலாற்றை எடுத்துப் படித்தாள். "எட்டாவது பக்கத்துல இதையும் எழுது" என்றாள்.

"எதை?"

"தோத்ததை. ஜெயிச்சதை மட்டும் எழுதினா அதுக்குப் பேரு விளம்பரம்."

அவள் போன பிறகு தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன்.

மே 5, திங்கள்

பண்ணைக்குப் போய்க் கறவை அக்காவிடம் சொன்னேன். இடது வரிசை எதற்கு என்பதையும் சொன்னேன். அவள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் நல்லதுன்னு நெனச்சில்ல செஞ்சேன்…"

"நானும்தான்கா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள். "நீ வாயைத் திறக்காதே. நான் சொல்லிக்கறேன். நீ சின்னப் பொண்ணு."

"நான் சின்னப் பொண்ணு, என்னை வேலையை விட்டு அனுப்ப முடியாது. அதனால நான்தான் சொல்லணும்."

"அட, வக்கீல் மாதிரி பேசறா பாரு." அழுதுகொண்டே சிரித்தாள். கடைசியில் இருவரும் சேர்ந்தே போனோம்.

அம்மா நாற்காலி முட்டுக்கொடுத்த குளிர்ப்பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தாள். யார் முதலில் சொன்னோம் என்று நினைவில்லை. சொல்லி முடித்ததும் அம்மாவின் முகம் சிவந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று கத்தினாள். பக்கத்து அறையில் யாரோ பேச்சை நிறுத்தினார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

நாற்காலி இழுபடும் சத்தம். அம்மா உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"எந்தத் தேதியிலேர்ந்து?"

"இருபத்தி மூணு" என்றேன்.

"எவ்வளவு மிஞ்சும்? எவ்வளவு தண்ணி கலந்தீங்க அக்கா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

கறவை அக்கா கையால் அளவு காட்டினாள். அம்மா எல்லாவற்றையும் எழுதினாள். அவள் இவ்வளவு கோபத்தில் இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதி நான் பார்த்ததில்லை. முடித்துவிட்டு, பேனாவை மூடி, "ஏன்னு உங்களுக்கு நான் சொல்லலை. எவ்வளவுன்னு மட்டும் கேட்டவ நான், ஏன்னு சொல்லலை" என்றாள். கறவை அக்காவுக்குச் சொன்னதுதான். ஆனால் தனக்கே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது.

வீட்டில் அப்பா துள்ளினார். "அப்ப நீ ஜெயிச்சுட்டே! இருபத்தி நாலுக்கும் மருந்துதானே போயிருக்கு! பதினஞ்சு தேறியிருக்கு!"

"இல்லைங்க. ஜெயிச்சேனா தோத்தேனான்னு இப்ப யாருக்கும் தெரியாது. தெரியாதுங்கறதைத்தான் எழுதிக் குடுக்கணும்."

மே 7, புதன்

குழுவில் நடந்ததை ஊசி டாக்டர் வந்து சொன்னார். இன்று டீயை முழுவதும் குடித்தார்.

"பொய்கூடச் சொல்ல வேண்டாம் சார். சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியும்? இவங்க எழுந்து, 'இந்தச் சோதனை செல்லாது. ரெண்டு வரிசைக்கும் பூச்சு போயிடுச்சு. பண்ணை ஆளுங்களுக்குத் திட்டத்தை விளக்காதது என் பிழை'ன்னு படிச்சுட்டு உக்காந்துட்டாங்க. இயக்குநர் கேட்டார், 'யார் பூசினது?' இவங்க, 'பொறுப்பு என்னுது. அடுத்த கேள்வி?'ன்னாங்க. பதினெட்டு வருஷமா இவங்ககூட சண்டை போடறேன். இன்னைக்கு எழுந்து நின்னு கைதட்டலாமான்னு இருந்துச்சு."

"தட்டினீங்களா?" என்றாள் அம்மா.

"வேலை போயிடுமே."

நிலையத்து மாடுகள் இனி கிடையாது. ஜூன் மாதம் முடிந்ததும் அம்மா அறைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் ஊசி டாக்டர் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வெளியில எங்கயாவது மாடு கிடைச்சா பாட்டிலை எனக்கே அனுப்புங்க. நம்பரை மட்டும் சொல்லுங்க, வரிசையைச் சொல்லிடாதீங்க."

மே 9, வெள்ளி

கறவை அக்கா வீட்டுக்கு வந்தாள். உட்காரவே இல்லை. "எங்க தெருவுல மாடே இல்லையா டாக்டரம்மா?"

மே 25, ஞாயிறு

ஊரின் ஓரத்தில் கறவை அக்காவின் தெரு. வீட்டுக்கு ஒரு மாடு, இரண்டு மாடு. இரண்டு வாரமாக அம்மாவும் நானும் தட்டும் ஊதா மருந்துமாக அலைகிறோம். மடிநோய் பாலில் மட்டும் தெரிகிற மாடுகள் இருபத்திரண்டு கிடைத்தன.

இன்று எல்லாரையும் கூட்டி விளக்கியது அம்மா இல்லை, கறவை அக்காதான்.

"உன் மாட்டுக்குத் தண்ணின்னு வந்தா பத்து நாளைக்குத் தண்ணிதான். நீ அழுதாலும் தண்ணிதான், மாடு அழுதாலும் தண்ணிதான்."

தையல்காரர் ஒருவர் எழுந்தார். "அப்ப நான் எதுக்கு என் மாட்டைக் குடுக்கணும்?"

"தண்ணியிலேயே தேறிடும்னா அப்புறம் மருந்து எதுக்கு? தேறலைன்னாத்தானே மருந்தோட அருமை தெரியும். துணியை அளக்காம வெட்டுவியா நீ? இதுவும் அளவு பார்க்கறதுதான். பத்து நாள் கழிச்சு எல்லாத்துக்கும் பூச்சு. நடுவுல சூடு, வீக்கம் வந்தா உடனே ஊசி. டாக்டரம்மா எழுதியே குடுத்திருக்காங்க. இன்னும் என்ன வேணும், அவங்க தலையையா?"

தையல்காரர் உட்கார்ந்துவிட்டார். அம்மா கடைசி வரிசையில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. வரலாற்றைக் கொடுத்தேன். ஒன்பது பக்கம்தான். எட்டாவது பக்கத்தில் பன்னிரண்டு வால்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். ஆசிரியை புரட்டிப் பார்த்து, "முடிவு காணோமே?" என்றார்.

"இன்னும் வரலை டீச்சர்."

ஜூன் 8, ஞாயிறு

இன்று எந்த மாடு எந்த வரிசை என்று சீட்டுக் குலுக்கினோம். பதினொன்று பூச்சு, பதினொன்று தண்ணீர். சீட்டை என்னை எடுக்கச் சொன்னார்கள். கறவை அக்கா வீட்டு முற்றத்தில் தெருவே கூடியிருந்தது.

அக்காவுக்கு ஒரே ஒரு மாடு. பெயர் மகாராணி. ஈரத் தரையில் கால் வைக்காது, அதனால். மகாராணியின் முறை வந்தது. டப்பாவுக்குள் கை விட்டேன். விரலுக்கு இரண்டு சீட்டுகள் தட்டுப்பட்டன. ஒன்றை விட்டேன், ஒன்றை எடுத்தேன்.

தண்ணீர்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். தையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கறவை அக்கா, "என்ன எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கறீங்க? அடுத்த சீட்டை எடு பாப்பா" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

பூச்சு வரிசையில் ஒரு மாட்டுக்கு மடி வீங்கிச் சூடு கண்டது. மடியைக் கழுவிவிட்டே கூப்பிட்டோம்; ஊசி டாக்டரே வந்து, எந்த வரிசை என்று கேட்காமல் ஊசி போட்டார். "இதை விட்டுட்டு எண்ணலாமே? ஊசிக்குப் போயிடுச்சே" என்று வீட்டில் அப்பா கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள். "பூச்சு கேக்கலைன்னு எண்ணணும். எல்லா நோய்க்கும் இது போதும்னு நான் சொல்லவே இல்லையே. ஊசியை அதுக்குன்னு மிச்சம் வெச்சா வளையம் திரும்பவும் பெருசாகும்."

ஜூன் 15, ஞாயிறு

காலையில் பாட்டில் எடுக்கப் போனேன். தெருவின் பூச்சு முழுவதையும் அரைப்பது கறவை அக்காதான். வாளியில் இன்றும் மிஞ்சியிருந்தது. அவள் கை முழங்கை வரை மஞ்சள். அந்தக் கையைச் சோப்புப் போட்டு, தேய்த்து, மறுபடியும் சோப்புப் போட்டு, துடைத்து, அதற்குப் பிறகுதான் மகாராணியின் பக்கத்தில் போனாள். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவினாள். கறந்தாள். எழுந்து வந்து, மிச்சப் பூச்சைக் குழியில் கொட்டினாள். கொட்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னைப் பார்க்காதே பாப்பா. நம்பரை எழுது" என்றாள்.

எழுதினேன்.

ஜூன் 20, வெள்ளி

பூச்சு வரிசையில் பதினொன்றில் எட்டு மாடுகளுக்குப் பால் சுத்தம். தண்ணீர் வரிசையில் பதினொன்றில் இரண்டு. மகாராணி அந்த இரண்டில் இல்லை.

அம்மா மூன்று தடவை எண்ணினாள். ஊசி டாக்டர் நான்கு தடவை. அறிக்கையை அவரே இயக்குநர் அறைக்கு எடுத்துப் போனார். முதல் பக்கத்தில் ஆய்வு செய்தவர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர்கள்: அம்மா, ஊசி டாக்டர், நடுவில் கறவை அக்கா. இயக்குநர், "நடுவுல இருக்கறது எந்த நிலையத்து விஞ்ஞானி?" என்று கேட்டாராம். "நம்ம பண்ணைதான் சார்" என்று இவர் சொன்னாராம். இயக்குநர் அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்துவிட்டு, இருபத்திரண்டு மாடு போதாது, இருநூறு வேண்டும், சாவி டாக்டரிடமே இருக்கட்டும் என்று சொன்னாராம்.

ஜூன் 21, சனி

தண்ணீர் வரிசைக்கு இன்று பூச்சு. அம்மா விடிந்ததும் கிளம்பினாள், வாளியோடு. நேராக மகாராணியிடம் போனாள். கறவை அக்கா கை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து, தானே பூச ஆரம்பித்தாள்.

அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. "டாக்டரம்மா, பின்னங்காம்பு."

"பூசியாச்சு."

"நுனியை விட்டுட்டீங்க."

"எங்க?"

"அங்க. அழுத்தாதீங்க, தடவுங்க. இது என்ன, சுவத்துக்கு வெள்ளையடிக்கறீங்களா?"

வாசலில் நின்ற தையல்காரர் பக்கென்று சிரித்துவிட்டார். மகாராணி வாலைச் சுழற்றி அம்மாவின் கன்னத்தில் ஒன்று வைத்தது. நான் வாலைப் பிடிக்க ஓடினேன். அம்மா முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். மூக்கெல்லாம் மஞ்சள். "நுனிதானே?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் குனிந்தாள்.